கோப்பி நோய் கண்ட மலை

கோப்பியின் வரலாற்றை எழுதுகிற எவரும் இலங்கையின் ஊவா மலைகளிலுள்ள மடுல்சீமையைத் தாண்டிப் போக முடியாது. 1869ஆம் ஆண்டு இந்த மலைத் தோட்டங்களில்தான் கோப்பி இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் தூள் படிந்திருப்பது முதலில் கவனத்துக்கு வந்தது. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளராக இருந்த துவெயிட்ஸ் நோய் பிடித்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பூஞ்சணங்களை ஆராய்ந்து வந்த பெர்க்லி என்ற பாதிரியார் அதே ஆண்டு நவம்பரில் அதற்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். பிறகு அந்த நோய் தென்னிந்தியா, ஜாவா, கிழக்கு ஆபிரிக்கா என்று பரவி, 1970இல் பிரேசிலையும் எட்டியது. இலையை ஆராய்ந்தவர்களின் பெயர்கள் தாவரவியல் நூல்களில் இருக்கின்றன. அந்தச் செடிகளுக்கு நடுவே நாள் முழுக்க நின்றவர்களின் பெயர்களைத் தேடித்தான் நான் பல காலம் அலைந்தேன்.

நான் இந்த மலையில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் என்ற வரிசை வீடொன்றில் பிறந்தவள். தோட்டப் பாடசாலையில் படித்து, பசறைப் பகுதியிலேயே வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றேன். பாடப்புத்தகத்தில் எங்கள் கதை இரண்டு வரிதான்: கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது; தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். வகுப்பில் ஏதாவது ஒரு பிள்ளை எழுந்து கேட்கும்: "டீச்சர், அப்ப இங்க ஆளுங்களே இல்லையா? ஏன் அங்கயிருந்து கொண்டாந்தாங்க?" இதைவிட நல்ல கேள்வியை எந்த ஆய்வாளரும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன்.

இங்கே ஆட்கள் இருந்தார்கள். பிட்டமாறுவைப் பக்கத்து மலை விளிம்பில் நின்று கீழே பார்த்தால் பிந்தன்னைச் சமவெளி தெரியும். அதற்குத் தெற்கே பிபிலைப் பக்கமாக விரிவது வெல்லஸ்ஸ. இலட்சம் வயல்களின் நாடு என்று பெயர் பெற்ற பூமி அது. 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போனது. இரண்டே ஆண்டுகளில், 1817இல், ஊவாவும் வெல்லஸ்ஸவும் எழுந்தன. கலகத்தை அடக்க அனுப்பப்பட்ட மொனரவில கெப்பெட்டிப்பொல திசாவையே கலகக்காரர் பக்கம் சேர்ந்து தலைமை ஏற்றார். 1818 நவம்பரில் அவர் கண்டியில் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். அதற்குமுன் ஆளுநர் பிரவுன்றிக்கின் படை ஊவா முழுக்கச் செய்ததுதான் எங்கள் கதையின் முதல் அத்தியாயம். வீடுகளை எரித்தார்கள். விளைந்த நெல்லையும் களஞ்சியத்தில் இருந்த நெல்லையும் எரித்தார்கள். மாடுகளை ஓட்டிப் போனார்கள் அல்லது கொன்றார்கள். குளங்களும் வாய்க்கால்களும் பராமரிக்க ஆளின்றித் தூர்ந்தன. உழவு மாடும் விதைநெல்லும் தண்ணீரும் ஒரே நேரத்தில் போய்விட்டால் ஒரு நெல் நாடு மறுபடி தலை தூக்க எத்தனை தலைமுறை வேண்டும்? வெல்லஸ்ஸவின் பெரும்பகுதியை உள்ளடக்கிய மொனராகலை இன்றும் நாட்டின் ஏழை மாவட்டங்களில் ஒன்று. மண் கெட்டதால் வந்த ஏழ்மை இல்லை அது. 1818இல் திட்டமிட்டு உண்டாக்கிய ஏழ்மை.

இரண்டாவது அத்தியாயத்தைச் சட்டம் எழுதியது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவோ தரிசாகவோ கிடக்கும் நிலம், உரிமைக்கு ஆதாரம் காட்ட முடியாவிட்டால், பிரித்தானிய முடிக்குச் சொந்தம் என்றது. மலைக் கிராமத்தவர்கள் கீழே வயல் செய்தார்கள், மேலே காட்டைச் சுற்று முறையில் வெட்டி எரித்துச் சேனை போட்டார்கள், மாடு மேய்த்தார்கள், விறகும் மூலிகையும் எடுத்தார்கள். அந்த மேட்டு நிலத்துக்கு எந்த விவசாயியிடம் பத்திரம் இருக்கும்? காணி முடிக்குரியதானது. முடி அதை ஏக்கர் ஐந்து ஷில்லிங்குக்கு விற்றது. 1844இல் ஆரம்ப விலை ஒரு பவுணாக உயர்ந்தது. வாங்கியவர்களில் துரைமார், படை அதிகாரிகள், அரசாங்க உத்தியோகத்தர்கள் எல்லாரும் இருந்தார்கள். காணிச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியவர்களே காணியை வாங்கிக் கோப்பி நட்டார்கள் என்பதை நான் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் இரண்டு தடவை சொல்வேன்.

இப்போது பிள்ளைகளின் கேள்விக்கு வருகிறேன். கிராமத்துச் சிங்களவர்கள் தோட்டத்தில் கூலிக்கு வர விரும்பவில்லை. துரைமார் அதைச் சோம்பல் என்று எழுதி வைத்தார்கள். அந்தச் சொல் இன்றும் எங்கள் ஆட்கள் வாயில்கூட வருகிறது. கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். சொந்த வயல் இருக்கிறவன், எவ்வளவு சிறியதானாலும், விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் நின்று பேர் கொடுத்து இன்னொருவன் அதட்டலுக்குக் கீழே ஏன் வேலை செய்ய வேண்டும்? அவன் சேனையைப் பறித்தார்கள். நெல்லுக்கு வரி போட்டார்கள். வரியைப் பணமாகக் கட்டு என்றார்கள். 1880களில் கோப்பி விழுந்து கையில் காசு இல்லாத நேரத்தில், வரி பாக்கிக்காக வலப்பனையிலும் ஊவாவின் சில பகுதிகளிலும் வயல்களை ஏலம் விட்டார்கள். பட்டினியில் மக்கள் செத்தார்கள். லெ மெசூரியர் என்ற உதவி அரசாங்க அதிபர் அதை வெளியே கொண்டுவந்தார். 1892இல்தான் அந்த வரியை நீக்கினார்கள். இத்தனைக்குப் பிறகும் அவர்கள் வயலை விடவில்லை. அதைச் சோம்பல் என்பது அநியாயம்.

ஆபிரிக்காவைப் பற்றி வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் இந்தப் படம் எனக்கு முழுமையாகத் தெளிந்தது. நயசாலாந்திலும் ரொடீசியாவிலும் குடிசைக்கு இவ்வளவு என்று வரி போட்டார்கள். வரியைக் காசாகக் கட்ட வேண்டும். காசு கிடைக்கிற இடம் வெள்ளைக்காரர் பண்ணையும் சுரங்கமும்தான். 1886இல் தென்னாபிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்டில் தங்கம் கண்டபின் மொசாம்பிக்கிலிருந்தும் பசூட்டோலாந்திலிருந்தும் ஆண்கள் ஒப்பந்தத்தில் சுரங்கத்துக்குப் போனார்கள். பசூட்டோலாந்து ஒரு காலத்தில் அயல் நாடுகளுக்குத் தானியம் விற்ற பூமி. நல்ல நிலங்கள் பறிபோய், வரியும் ஏறியபின் அது ஆள் அனுப்புகிற மலையாக மாறியது. ஓரிடத்தைச் செழிக்க வைக்க இன்னோரிடத்தைக் காலியாக்குவதும், காலியான இடத்தில் வயிற்றுப்பாட்டுக்கு வழியில்லாமல் செய்து ஆட்களை நகர்த்துவதும் ஒரே திட்டத்தின் இரண்டு பக்கங்கள். ஆபிரிக்காவில் சொந்த ஊர்க்காரனையே நெருக்கிச் சுரங்கத்துக்கு இழுத்தார்கள். ஊவாவில் ஊர்க்காரன் வயலைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதனால் நெருக்குவதற்கு வேறொரு வறண்ட பூமி தேவைப்பட்டது. அது கடலுக்கு அப்பால் மிகக் கிட்டத்தில் இருந்தது.

திருச்சி, மதுரை, சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டை. எங்கள் லயங்களில் எந்தக் கிழவியைக் கேட்டாலும் இந்தப் பெயர்களில் ஒன்று வரும். என் அப்பாயிக்குத் துறையூர்ப் பக்கம். மானாவாரிக் காடு, ஏரி நிறைந்தால் வயல், நிறையாவிட்டால் கடன். பண்ணையாள், படியாள் என்று தலைமுறையாக மிராசுதாரிடம் கட்டுண்டு கிடந்தவர்கள், தீண்டாமையின் அடியில் இருந்தவர்கள் முதலில் கிளம்பினார்கள். 1843இல் இந்தியாவில் அடிமைமுறையைச் சட்டம் ஒழித்தது. நிலத்தை அவர்களுக்குக் கொடுக்கவில்லை. இந்த ஆட்களையே மொரீசியசின் கரும்புக்கும் அனுப்பினார்கள். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து டர்பனில் போய் நின்ற ட்ரூரோ கப்பலில் நேட்டால் கரும்புக்குப் போன முதல் கூட்டத்தில் தமிழர்கள் இருந்தார்கள். ஆபிரிக்காவின் தொழிலாளர் வரலாற்றில் நாங்களும் ஒரு பக்கம்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் தின்றது. 1877இல் மட்டும் இலங்கைக்கு வந்தவர்கள் ஒன்றரை இலட்சத்தைத் தாண்டினார்கள். அந்த ஆண்டில் தோட்டங்களுக்கு ஆள் பஞ்சமே இல்லை. ஒரு பக்கத்துச் சாவு இன்னொரு பக்கத்துக்கு மலிவான கூலியானது.

அந்தக் காலத்து வரவு நடந்துதான். மன்னார்க் கரையில் இறங்கி வடக்கு வீதி வழியே காட்டுக்குள் தம்புள்ளை, மாத்தளை என்று நடை. வாந்திபேதியும் காய்ச்சலும் வழியிலேயே எத்தனையோ பேரைக் கொண்டுபோயின. மாத்தளையோடு பயணம் முடியாது. ஊவாவுக்கு வருகிறவர்கள் அதற்குப் பிறகும் மலை ஏற வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் அந்த வழியை மூடினார்கள். 1914இல் தனுஷ்கோடி-தலைமன்னார்க் கப்பல் ஓடத் தொடங்கியது; மண்டபம் முகாமில் ஆட்களை நிறுத்திச் சோதித்து அனுப்பினார்கள். அப்பாயி சிறுபிள்ளையாக வந்தது அந்த வழியில்தான். "கேம்புல துணியெல்லாம் ஆவியில போட்டு எடுத்தாங்க ஆயி, என் பாவாடை சுருங்கிப் போச்சு" என்று சொல்வார். நாடு மாறியதில் அவர் மனதில் நின்றது அந்தப் பாவாடைதான்.

கங்காணி முறையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாவற்றையும் கட்டிவைத்த கயிறு அது. தோட்டத்துரை பெரிய கங்காணிக்கு முன்பணம் கொடுப்பார். கங்காணி தன் ஊருக்கும் பக்கத்து ஊர்களுக்கும் போய், கடனில் நெளிகிறவர்களின் கடனைத் தீர்த்து, வழிச்செலவு கொடுத்து ஆள் கட்டி வருவார். கொடுத்ததெல்லாம் ஆளின் பெயரில் கடனாக ஏறும். தோட்டத்தில் வாங்கும் அரிசி, கம்பளி, கலியாணச் செலவு, கருமாதிச் செலவு எல்லாம் அதன்மேல் ஏறும். ஆள் வேலைக்குப் போகிற ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குப் பென்ஸ் காசு உண்டு. அதனால் ஆள் இருப்பதும், உயிரோடு இருப்பதும், கடனோடு இருப்பதும் அவருக்கு வருமானம். சம்பளம் பல நேரம் மாதக்கணக்கில் பிந்தும். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் துண்டு வேண்டும். இந்தக் கங்காணியின் ஆட்களுக்கு இவ்வளவு கடன், இதைக் கட்டினால் விடுவேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதுத் துரை அதைக் கட்டுவார்; கடன் அப்படியே புதுத் தோட்டத்துக்கு இடம் மாறும். கட்டாமல் ஓடினால் 1865ஆம் ஆண்டின் சட்டப்படி மறியல். 1921இல்தான் துண்டு முறையைச் சட்டப்படி ஒழித்தார்கள். கங்காணியை வெறும் கொடியவராகக் காட்டுவது எனக்குச் சம்மதமில்லை. பலர் ஆட்களுக்கு உறவினர்; பஞ்சத்திலிருந்து இழுத்து வந்தவர்களும் அவர்களே. ஆனால் உறவையும் சாதியையும் ஊர்ப்பாசத்தையும் கடன் ஏட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்தது இந்த முறை. வெளியார் வைத்த காவலைவிட அது உறுதியானது.

கோப்பிக் காலத்தில் ஆட்கள் நிரந்தரமாகத் தங்கவில்லை. பெரும்பாலும் ஆண்கள், பழம் எடுக்கும் பருவத்துக்கு வந்து, மிச்சம் பிடித்துக்கொண்டு ஊர் அறுவடைக்குத் திரும்பினார்கள். அவர்கள் பிள்ளைகளை வளர்த்தது, கிழவர்களைப் பார்த்தது, நோயாளியைத் தாங்கியது எல்லாம் தமிழ்நாட்டுக் கிராமம். தோட்டம் கொடுத்தது பருவகாலக் கூலி மட்டும். ஒரு மனிதனை உருவாக்கும் செலவை வேறொரு பூமியின் தலையில் ஏற்றிவிட்டு, அவனுடைய உழைப்பை மட்டும் எடுத்துக்கொள்கிற இந்தக் கணக்குத்தான் ஜொகன்னஸ்பர்க் சுரங்கத்திலும் நடந்தது.

1870 வாக்கில் இலங்கை பத்து இலட்சம் அந்தருக்கு மேல் கோப்பி ஏற்றுமதி செய்தது. 1890இல் அது ஓர் இலட்சம் அந்தர்கூட இல்லை. இடையில் 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. எத்தனையோ துரைமார் எல்லாவற்றையும் இழந்து போனார்கள் என்று துரைமாரின் வரலாறுகள் உருக்கமாக எழுதுகின்றன. சம்பள பாக்கியோடு நின்ற ஆட்களைப் பற்றி அந்த அளவு உருக்கம் இல்லை. பிறகு சிங்கோனா நட்டார்கள், அதன்பின் தேயிலை. லூல்கந்துரையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய பயிர் ஊவா மலைகள் முழுக்க ஏறியது. 1890இல் லிப்டன் அப்புத்தளைப் பக்கம் தம்பேதன்னையை வாங்கினார். தேயிலைக்குப் பருவம் கிடையாது. ஆண்டு முழுக்கக் கொழுந்து வரும். கொழுந்துக்குப் பெண்கள் வேண்டும். பெண்கள் வந்தால் குடும்பம் வரும். பத்தடிக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா வரிசையாக எழும்பியது. எங்கள் சமூகம் இந்த மண்ணில் வேர் பிடித்தது தேயிலையோடுதான்.

ரயில் பாதையின் ஆண்டுகளைப் பாருங்கள். கண்டிக்கு 1867, நானுஓயாவுக்கு 1885, அப்புத்தளைக்கு 1893, பதுளைக்கு 1924. அதோடு நின்றுவிட்டது. பதுளையிலிருந்து பசறைக்கு இல்லை, மடுல்சீமைக்கு இல்லை, கீழே பிபிலைக்கும் மொனராகலைக்கும் இல்லை. பெட்டி பெட்டியாகத் தேயிலை கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்கவும், அரிசி மேலே ஏறவும் போட்ட பாதை அது. அந்த அரிசி பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தது. மலைக்கு அடியிலேயே இலட்சம் வயல்களின் நாடு தூர்ந்து கிடக்க, மலைமேல் இருந்தவர்களுக்கு ரங்கூனிலிருந்து சோறு வந்தது. காலனிப் பொருளாதாரம் என்றால் என்ன என்று கேட்ட பிள்ளைகளுக்கு நான் இந்த ஒன்றைத்தான் எடுத்துச் சொல்வேன்.

1940 மே மாதத்தில் பதுளைக்குப் பக்கத்து வேவெஸ்ஸ தோட்டத்தில் எங்கள் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்து, தங்களுக்கென்று தொழிலாளர் சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். வந்த பொலிஸ்காரரின் ஆயுதங்களையே பறித்து வைத்தார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது, பதுளையில் எஸ்.எம். சுப்பையா வென்றார். மறு ஆண்டே எங்கள் ஆட்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம் வந்தது. 1952 தேர்தலில் எங்கள் ஆட்களுக்கு வாக்கு இல்லை. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கினார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். எந்த லயத்திலும் யாரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. அண்ணன் இந்தியாவுக்கும் தங்கை இங்கேயும் என்று குடும்பங்கள் பிரிந்தன. மூன்று தலைமுறைக்கு முன் விட்டு வந்த ஊரில் காணியும் இல்லை, உறவும் இல்லை. பலர் நீலகிரியில் மறுபடி தேயிலையிலேயே போய் நின்றார்கள்.

மலையடிவாரக் கிராமங்களைப் பற்றியும் இங்கே பேசியாக வேண்டும். 1951இல் கண்டிய விவசாயிகள் ஆணைக்குழு அந்தக் கிராமங்களின் வறுமையை விரிவாக எழுதியது. அந்த வறுமையைக் காட்டி, தமிழர்கள் நிலத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்று மேடைகளில் பேசினார்கள். எங்கள் பக்கத்திலோ, நாட்டான்களுக்கு, அதாவது சிங்களக் கிராமத்தவர்களுக்கு, எல்லாம் கிடைக்கிறது என்ற பேச்சு. என் லயத்தில் எவருக்கும் ஒரு பேர்ச்சஸ் காணிகூடச் சொந்தமாக இருந்ததில்லை. வோல்ட்டர் ரொட்னி, ஐரோப்பா ஆபிரிக்காவை எப்படிப் பின்தள்ளியது என்று 1972இல் எழுதியவர், கயானாக்காரர். அங்கேயும் அடிமைகளாகக் கொண்டுவந்த ஆபிரிக்கரின் சந்ததியும், கரும்புக்கு ஏற்றிவந்த இந்தியரின் சந்ததியும் எதிரெதிராக நிறுத்தப்பட்டிருந்தார்கள். ரொட்னி தன் நாட்டுக்குத் திரும்பி, இரண்டு மக்களையும் ஒரே அணியில் சேர்க்கப் பாடுபட்டார். 1980இல் குண்டு வைத்துக் கொல்லப்பட்டார். ஆபிரிக்காவைப் பற்றிய அவர் புத்தகத்தைவிட, அவர் செய்ய முயன்ற அந்தக் காரியம் ஊவாவுக்கு அதிகம் தேவைப்படுகிறது என்று நம்புகிறேன்.

1975இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் மறுபடி கம்பனிகளுக்குப் போயின. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதே 1970களின் பிற்பகுதியில்தான். நாடு இலவசக் கல்வி பெற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் போனபின். 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனது. என்னிடம் படித்த பிள்ளைகளில் பையன்கள் கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் நிற்கிறார்கள். பெண்பிள்ளைகள் தையல் தொழிற்சாலைக்கும் குவைத், சவூதி வீடுகளுக்கும் போகிறார்கள். கங்காணியின் இடத்தில் ஏஜென்ட் இருக்கிறார். முன்பணமும் கடனும் இருக்கின்றன. கொழுந்துக்கு ஆள் இல்லாமல் மலைகள் காடாகின்றன. கீழே பிபிலைப் பக்கத்துச் சிங்களப் பிள்ளைகளும் அதே பஸ்ஸில் கொழும்புக்குப் போகிறார்கள்.

அந்தக் காடான மலைகளைத்தான் நான் கேட்கிறேன். வீடு கட்ட ஏழு பேர்ச்சஸ் கொடுத்தது ஒரு தொடக்கம். ஏழு பேர்ச்சஸில் யாரும் பயிர் செய்து பிழைக்க முடியாது. கைவிட்ட தேயிலை நிலத்தை லயத்துக் குடும்பங்களுக்கும் மலையடிவாரக் கிராமத்துக் குடும்பங்களுக்கும், கணவன் மனைவி இருவர் பெயரிலும் உறுதி எழுதி, சிறு தேயிலைத் தோட்டமாகவோ மிளகாகவோ மரக்கறியாகவோ செய்யக் கொடுக்க வேண்டும். 1840இன் சட்டம் எடுத்ததை எடுத்தவர்களிடமிருந்து இனி வாங்க முடியாது. நிலம் இங்கேதான் இருக்கிறது. உறுதிப் பத்திரத்தில் எங்கள் இரு பக்கத்துக் குடும்பங்களின் பெயர்களையும் எழுதுவதற்கு இன்றைய அரசாங்கத்தின் ஒரு கையெழுத்து போதும்.